கடைமடையில் உமிக்கரி

எங்கள் ஊரில் உமிக்கரிக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கிணற்றடி மாடத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கிடக்கும். காலையில் எழுந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் பல்லைத் தேய்த்து, கறுப்பாகத் துப்ப வேண்டும். நெல் உமி கருகினால் அது பல்லுக்குத்தான் என்று பிரம்மாவே எழுதி வைத்துவிட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் என் அத்தை, அப்பாவின் உடன்பிறந்த தங்கை, அதை வண்டி வண்டியாக ஏற்றி வந்து வயலில் கொட்டினாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. அப்படிச் சிரித்ததாகப் பிற்பாடு ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை என்பதில்தான் எனக்கு இன்றுவரை கோபம்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அத்தையைச் சிங்கம்புணரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மாமா இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, நீயும் இரு, சமையலைப் பார்த்துக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். அத்தை அன்றைய சோற்றை வடித்து இறக்கி வைத்துவிட்டு, தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். சோற்றை வடித்துவிட்டு வந்த பொறுப்பை ஊரில் பலர் மெச்சினார்கள். வந்ததை யாரும் மெச்சவில்லை. வாழாவெட்டி என்ற சொல்லை அந்த வருஷம்தான் நான் கற்றுக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தை காதுபடக் கேட்டு, அம்மாவிடம் விளக்குமாற்றால் ஒன்று வாங்கினேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஊருக்குப் பயந்தவர், அவ்வளவுதான். கோபம் தணிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டு மாதமாகியும் அத்தையின் கோபம் தணியவில்லை. அதோடு, உட்கார்ந்து சாப்பிட மாட்டேன், எனக்கு ஒரு துண்டு நிலம் கொடுங்கள் என்று வேறு கேட்டாள். அப்பா யோசித்துப் பார்த்து, கடைமடையில் இருந்த ஒரு வயலைக் காட்டினார். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கண்மாய்த் தண்ணீர் எல்லா வயலையும் நனைத்துவிட்டு மிச்சமிருந்தால்தான் அங்கே வரும். வந்தாலும் நிற்காது. செம்பொறைக் கல்லும் சரளையுமாகக் கிடந்த அந்த மண்ணில் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் இருக்காது. விதைத்த நெல்லைத் திரும்ப எடுத்தாலே புண்ணியம் என்று தாத்தா காலத்திலேயே கைவிட்ட இடம்.

அப்பா வீட்டு முற்றத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு தீர்ப்பும் சொன்னார். "தைக்குள்ள அந்த வயல்ல ஒரு வருசத்துச் சாப்பாட்டு நெல்லு எடுத்துட்டீன்னா நீ பாட்டுக்கு இங்கயே இரு. இல்லாட்டி மாசி பொறந்ததும் சிங்கம்புணரியிலதான் கொண்டுபோய் விடுவேன். பெறகு அழுகக் கூடாது."

அத்தை அழுகிற ஆள் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியைத் தேடப் போய்விட்டாள். தங்கையைத் திருப்பி அனுப்ப அப்பா கண்டுபிடித்த நயமான வழி அது என்று எல்லோருக்கும் புரிந்தது. எனக்குப் புரிந்ததெல்லாம், மாசி பிறந்தால் நானும் கூடவே பஸ்ஸில் சிங்கம்புணரிக்குப் போகலாம் என்பதுதான். நான் அதுவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை.

சித்திரையில் நெல் அவித்து அரைத்துவர அத்தையும் நானும் வண்டியில் காரைக்குடிக்குப் போனோம். செக்காலைப் பக்கம் ஓர் அரிசி மில். அங்கே உமியைப் போட்டுத்தான் கொதிகலனை எரிப்பார்கள். பாதி எரிந்து கரியான உமியை மதில் ஓரமாகக் கொட்டிக் கொட்டி, அது ஒரு கறுப்பு மலையாக வளர்ந்திருந்தது. முறைக்குக் காத்திருக்கும் வண்டிகள் எல்லாம் அதன் அடியில்தான் நிற்கும். மண்டை பிளக்கும் வெயில். ரோட்டோரத்தில் ஒரு புல்கூடப் பச்சையாக இல்லை. ஆனால் அந்தக் கரிமேட்டின் காலடியில் தக்காளிச் செடி தானாக முளைத்துக் காய்த்துக் கிடந்தது. பக்கத்தில் கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அத்தை குத்தவைத்து உட்கார்ந்து விரலால் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் ஈரம். காவலாளியைக் கூப்பிட்டு, இதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "கரிக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாகளா? வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க ஆத்தா. எங்களுக்கு எடமாச்சும் மிச்சமாகும்."

அத்தை அள்ளத் தொடங்கினாள். அன்று வண்டியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு உமிக்கரி வந்தது. மறு வாரம் வண்டி கேட்டபோது அப்பா, வண்டிக்காரனுக்கு வேறு வேலை இருக்கிறது என்றார். வண்டிக்கு வேலை இல்லையே என்று சொல்லிவிட்டு அத்தையே மாட்டைப் பூட்டினாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காரைக்குடிக் கடைவீதி வரைக்கும் ஓட்டிப் போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது இருவர் முகமும் கறுத்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். குடும்பத்து முகத்தில் கரியைப் பூசிவிட்டாள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டீக்கடையில் ஒருவர் வண்டியை மறித்துக் கேட்டார். "என்ன ஆத்தா, வயலுக்குப் பல்லு வெளக்கிவிடப் போறீகளா?"

"ஆமாண்ணே. மொதல்ல அதுக்கு. மிஞ்சுனா ஒங்களுக்கும் வெளக்கிவிடுறேன். வெத்தலக் கறை ரொம்பத்தான் கெடக்கு."

சைக்கிளில் உரம் பற்றிச் சொல்ல வரும் கிராம சேவக்கும் வந்து பார்த்தார். யூரியா போடச் சொன்னால் கரியைப் போடுகிறீர்களே, இது எங்கள் புத்தகத்தில் இல்லையே என்றார். அப்படியென்றால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அத்தை. ஆடி முடிவதற்குள் எட்டு வண்டி வந்து, வயல் ஓரத்தில் கறுப்பாகக் குவிந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் நான் புகுந்து காரியத்தைக் கெடுத்தேன்.

ஆவணியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு சட்டி. கரம்பை மண்ணும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைத் தூளும் போட்டு நிரப்பி, மொச்சை, தட்டை, பாசி என்று பயறுகளை விதைத்து, பூசாரி வீட்டு இருட்டறையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பூசாரி வீட்டுப் பெரியம்மா குளித்து ஈரச்சேலையோடு வந்து, காலையும் மாலையும் சட்டிக்கு ஒரு கை தண்ணீர் தெளிப்பார். வெயில் படாமல் வளர்வதால் முளை வெளுத்து, பொன்னிறமாக, மெல்லிசாக நெட்டென்று எழும்பும். எட்டாம் நாள் வெளியே எடுக்கும்போது யார் வீட்டு முளை உயரமோ, அந்த வீட்டுக்கு அந்த வருஷம் விளைச்சல். யார் வீட்டு முளை குட்டையோ, அந்த வீட்டைப் பற்றி அடுத்த ஆவணி வரைக்கும் பேசுவார்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சட்டியை நிரப்பும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். எனக்கு மின்னலாக ஒரு யோசனை வந்தது. அத்தையின் உமிக்கரியை முளைச் சட்டியில் போட்டால்? எங்கள் முளைதான் ஊரிலேயே நெட்டையாக நிற்கும். அப்புறம் டீக்கடைக்காரர்கள் எங்கே வாயைத் திறப்பார்கள்? யாரிடமும் சொல்லாமல் வயலுக்கு ஓடி, பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து, சட்டியில் பாதிக்குப் பாதி போட்டேன். மேலே புழுக்கைத் தூளைத் தூவிக் கறுப்பு தெரியாமல் மூடினேன். எட்டு நாளும் மாலையில் பெண்கள் கும்மியடிக்கும்போது நான் வேறு யாரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

எட்டாம் நாள் சட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மற்ற வீட்டு முளையெல்லாம் ஒரு சாணுக்குமேல் நின்று காற்றில் ஆடியது. எங்கள் வீட்டு முளை நாலு விரற்கடை. அதிலும் பாதி தலை சாய்ந்து கிடந்தது. பெரியம்மா விரலால் மண்ணைக் கிளறினார். கறுப்பு மேலே வந்தது.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். புருஷனை விட்டு வந்தவள் அம்மன் முளையில் கை வைத்துவிட்டாள் என்று ஒரு குரல் எழுந்தது. இது ஏதோ செய்வினை என்று இன்னொரு குரல். பச்சை முளையையே பொசுக்கிய கரி வயலை என்ன செய்யும் என்று அப்பாவைப் பார்த்து ஒருவர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஊர்த் தலைவரான அம்பலம், அந்தச் சட்டியை மட்டும் எடுக்க வேண்டாம், ஓரமாக வைத்துவிடுங்கள் என்று சொன்னார்.

நான்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பாவாடைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நின்றேன். நகக்கண்ணில் இன்னமும் கரி இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் பெரிதாக வருந்தியதில்லை. அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு மட்டும் இன்றும் வெட்கப்படுகிறேன்.

அத்தை கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அவளைப் போன்றவர்கள் முளைப்பாரி சுமக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. அத்தை நேராக முன்னால் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு மொளை இது. குட்டையோ நெட்டையோ, நாந்தான் சொமப்பேன். அம்மனுக்கு வேணாம்னா அம்மன் சொல்லட்டும். நீங்க யாரு சொல்றதுக்கு?"

சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அம்மனைப் பேச்சுக்கு இழுத்துவிட்டதால் அம்பலம் விலகி வழிவிட்டார். கொட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று கொட்டத் தொடங்கினார்கள். தெருவே பொன்னிறமாக ஆடிக்கொண்டு போன அந்த வரிசையில், எங்கள் சட்டி மட்டும் கட்டையாக, கறுப்பாக, அத்தையின் தலையில் அசையாமல் போனது.

நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நடந்தேன். ஊருணி தெரியும்வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "அயித்தை, நாந்தான் போட்டேன்" என்று அழுதேன்.

"தெரியும்" என்றாள் அத்தை, கழுத்தைத் திருப்பாமல். "எம்புட்டுப் போட்ட?"

"பாதிக்குப் பாதி."

"நனைச்சுப் போட்டியா, காஞ்சதாவே போட்டியா?"

"காஞ்சதாத்தான்."

"ம்" என்றாள். அடி விழும் என்று எதிர்பார்த்த எனக்கு அந்த ம் ஒன்றும் விளங்கவில்லை.

ஊருணியில் எல்லோரும் குலவையிட்டு முளைகளைத் தண்ணீரில் கரைத்தார்கள். அத்தை கரையோரம் உட்கார்ந்து சட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியைக் கையில் எடுத்து உடைத்தாள். மேலே புழுக்கைத் தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழே இருந்த கரியைக் கைக்குள் வைத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மறுபடி பிழிந்தாள். மறுபடியும் வந்தது. "குடிச்சிருக்குடி. ஊத்துன தண்ணி பூராத்தையும் இதுவே குடிச்சிருக்கு. தண்ணியக் குடிச்சது புழுக்கைச் சத்தையும் சேத்துக் குடிச்சிருக்கும். இதுக்குப் பசி அடங்குன பெறகுல்ல செடிக்கு விடும்" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். ஊர் முழுக்கத் தன்னைத் தூற்றிக்கொண்டிருக்கும்போது ஊருணிக்கரையில் ஒருத்தி கரியைப் பிழிந்து சிரித்தால் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். பேசவும் செய்தார்கள்.

மறுநாள் காலையிலேயே மாட்டைப் பூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனாள். கரி அள்ளவில்லை. தக்காளிச் செடி எங்கெங்கே முளைத்திருக்கிறது என்று மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். வண்டிகள் நிற்கிற பக்கம் மட்டும்தான் பச்சை. மறுபக்கம் வெறும் கரி. முறைக்குக் காத்திருக்கிற மாடுகள் நாள் முழுக்க அந்தக் கரியின்மேல்தான் மூத்திரம் பெய்துகொண்டிருந்தன. "பசியாத்துனது அதுகதான்" என்றாள். சித்திரையில் இதைக் கவனிக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி, வயலோரம் கிடந்த எட்டு வண்டிக் கரியையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள். கொட்டகையின் மூத்திரம் எல்லாம் வாய்க்கால் வழியாகக் குழிக்கு வந்தது. சாணியைக் கரைத்து ஊற்றினாள். நான் பாவத்துக்குப் பரிகாரமாகத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கம்பால் கிளறினேன். நாற்றம் குடலைப் பிடுங்கும். புரட்டாசியில் ஊரெல்லாம் புழுதி உழுது விதைத்து முடித்துவிட்டது. கரி இன்னும் ஊறவில்லை என்று அத்தை குழியைவிட்டு நகரவில்லை. விதைக்காத வயலில் எப்படி அறுப்பாள் என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். அத்தை காதில் விழட்டும் என்றுதான் கேட்டார்.

நாற்பது நாள் கழித்துக் குழியைத் திறந்தாள். அந்தக் கரியில் நாற்றம் போயிருந்தது. வயலுக்குச் சுமந்து இறைத்து உழுதபோது, எட்டு வண்டியும் பாதி வயலுக்குத்தான் காணும் என்று தெரிந்தது. தாழ்ந்த பாதி கறுத்துவிட்டது, மேட்டுப் பாதி செம்பொறையாகவே கிடந்தது. இரண்டிலும் ஒரே நெல்லை ஒரே நாளில் விதைத்தாள். கரித்தூள் போட்ட வயலில் கால் வைக்க மாட்டோம் என்று களையெடுக்க ஆள் வரவில்லை. அதையும் நாங்கள் இருவருமே எடுத்தோம்.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கார்த்திகை ஏமாற்றிவிட்டது. கண்மாய் பாதிகூட நிறையாமல், மார்கழி பிறக்கும்போது சேறு தெரிந்தது. கதிர் வெளிவரும் நேரம். அப்பாவின் வயல் கண்மாய்க்கு அடுத்தே இருந்தும், நிலம் பாளம் பாளமாக வெடித்துத் தாள் சுருண்டுகொண்டது. அத்தையின் மேட்டுப் பாதி அதற்கு முன்பே காய்ந்து வைக்கோலாகிவிட்டது. தாழ்ந்த பாதி மட்டும் காலையிலும் பச்சை, உச்சி வெயிலிலும் பச்சை. ஒரே வரப்புக்குள் இரண்டு நிறம். அத்தை தினமும் போய்க் காலால் மண்ணைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருக்கும். தினமும் கொஞ்சம் குறையும். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து, "தாங்குடி ஆத்தா, தாங்கு" என்று நெல்லைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதற்கும் கெஞ்சாத அத்தையை அப்படிப் பார்த்தது எனக்குப் பயமாக இருந்தது.

மார்கழிக் கடைசியில் நினைத்தே பார்க்காத ஒரு மழை, ஒரே ஒரு மழை, வந்தது. ஊரில் பல வயல்களுக்கு அது செத்த பிறகு ஊற்றிய பால். அத்தையின் பாதி வயலுக்கு மட்டும் உயிர் இருந்தது, அதனால் குடித்தது. தையில் நாலு மூட்டை நெல் களத்தில் விழுந்தது. பெரிய விளைச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருத்திக்கு ஒரு வருஷத்துச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் அது போதும்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? முளைப்பாரியில் அம்மனுக்குச் செய்த குறைக்கு அம்மனே மனமிரங்கிவிட்டாள் என்றது. பள்ளமான இடம், பனி இறங்கியிருக்கும் என்றது. கரி என்று ஒரு வாயும் சொல்லவில்லை. அப்பாவும் நாலு மூட்டையையும் பார்த்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாசி பிறந்தது. அத்தையின் தகரப் பெட்டியை நான் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். பயணம் உண்டா இல்லையா என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டாமா?

மாசி பாதியில் ஒருநாள் அப்பா தாமே வண்டி பூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனார். வைக்கோல் பாரத்தோடு திரும்பினார். எங்கள் வீட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத வருஷம் அது. ஊரில் பாதி நெல் வைக்கோலாகத்தானே போயிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி வைக்கோலை ஒதுக்கியபோது அடியில் உமிக்கரி. அத்தையின் குழிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டி அதில் கொட்டினார். பிறகு இரண்டு நாள் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்தாள்.

மூன்றாம் நாள் காலை, அப்பா முற்றத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளிக் கொட்டகையில் அத்தை சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஒங்க அயித்தைகிட்டப் போயி, இது எத்தனை நாளு ஊறணும்னு கேட்டுட்டு வா."

எனக்கே தெரியுமே. கிளறியவள் நான்தானே. சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டகையிலிருந்து அத்தை ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது. போய்க் கேட்டேன்.

"கேக்குறவுகளுக்குக் காலு நல்லாத்தானே இருக்கு. இங்குட்டு வந்து கேக்கச் சொல்லு."

பத்தடி தூரத்தில் சொன்னது அப்பா காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் நான் வந்து சொல்லும்வரை கஞ்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கேட்டதும், பெரியவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும் என்று சொல்லச் சொன்னார். நான் போனேன். பெரியவர்கள் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. நான் வந்தேன். அடுப்படியில் அம்மா உலக்கையை நிறுத்திவிட்டாள். அப்பா கஞ்சிக் கும்பாவை வைத்துவிட்டு எழுந்து, கையைக் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ கோயிலுக்குப் போகிறவர் மாதிரிக் கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"எத்தனை நாளு ஊறணும்?"

அத்தை சாணிக் கூடையை இறக்கி வைத்தாள். "எந்த வருசத்துக்குக் கேக்குறீக?"

"இது என்னாத்தா கேள்வி? இந்த வருசத்துக்குத்தான்."

"ஒரு வருசம் போட்டாப் பத்தாதுண்ணே. மண்ணு இதுக்குப் பழகணும். மூணு நாலு வருசம் கூட இருந்து பாக்க ஆளு வேணும். மாசி பொறந்து பதினஞ்சு நாளாச்சு. நான் பெட்டியக் கட்டவா, வேணாமா? அத நீங்க சொல்லுங்க, நாள நான் சொல்றேன்."

அப்பா குழியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். துண்டை எடுத்து வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகினார்.

"கேக்கலண்ணே. மதினிக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

"கட்ட வேணாம்த்தா" என்றார் அப்பா, சத்தமாக. "இது ஒன் வீடு. நீ இங்கதான் இருக்க."

"நாப்பது நாளு" என்றாள் அத்தை. கூடையைத் தூக்கிக்கொண்டாள். "வெறுந்தண்ணி ஊத்தாதீக. சாணியக் கரைச்சு ஊத்துங்க."

அப்பா போன பிறகு நான் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். அப்பாவை அப்படி நிற்க வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் பயணமும் போய்விட்டது. நாப்பது நாளுன்னு எனக்கே தெரியும், மொதத் தடவையே நான் சொல்லியிருப்பேன், இதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா என்று கத்தினேன்.

"ஒனக்குத் தெரியும்டி என் ராசாத்தி" என்றாள் அத்தை. "தெரிஞ்சும் சொல்லாம நின்ன பாரு." சாணிக் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

விடை தெரிந்தும் சொல்லாமல் நின்றதற்காக என்னை ஒருவர் கொஞ்சியது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிரம்படி விழும். அத்தைக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கன்னத்துச் சாணியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.